மிளகாய் டப்பா

ஆனைமலைக்குச் சற்று முன்னால் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி மூட்டைகளைச் சோதிக்கிறார். என் மடியிலுள்ள தகர டப்பாவைத் திறக்கச் சொல்கிறார். எஸ்டேட் துரை கூலிகளைப் பிரம்பால் அடிப்பதை ஒளிந்திருந்து எடுத்த பிலிம் அது. வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு.

பக்கத்தில் மிளகாய்ப் பொட்டலத்தோடு இருக்கும் எஸ்டேட் கூலிக்கார அம்மாள் முந்திக்கொள்கிறார்.

"ஏனுங்க, அநியாயம் பண்ணுனவனைக் கேக்கச் சொல்லி மாசாணியம்மனுக்கு அரைக்கற மொளகாங்க அது. தொறந்தா உங்களையும் கேப்பாளுங்க."

போலீஸ்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்குகிறார். பஸ் புறப்பட்ட பிறகு அவர் பக்கம் திரும்புகிறேன்.

"எனக்காகச் சாமி பேரில் பொய் சொல்லிவிட்டீர்களே, அம்மா."

"பொய் எங்கீங்க? நீங்க ஒளிஞ்சு நின்னு படம் புடிச்சதை நாம் பாத்தனுங்க. இதுக்குள்ள அந்தத் தொரை இருக்கறானில்லீங்க?"

"இருக்கிறான்."

பொட்டலத்திலிருந்து ஒரு பிடி மிளகாயை அள்ளி என் டப்பாவின் மேல் வைக்கிறார்.