ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பதினான்கு பேருக்குச் சொதி விருந்து. சித்திரை வெயில். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.

சொதி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் குழம்பு. திருநெல்வேலிப் பக்கம் புது மாப்பிள்ளைக்குச் சொதி போடாமல் அனுப்பினால், அந்தப் பேச்சு அவருக்குப் பேரன் பிறக்கும் வரை ஓயாது. இந்த மாப்பிள்ளை என் அக்கா மகளைக் கட்டியவர். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். தாய்மாமன் வீட்டு விருந்து என்பதால், சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டில் ஏற்பாடு.

விருந்துக்குள் ஒரு பந்தயமும் இருந்தது. அதைச் சொல்ல, போன ஆனி மாதத்துக்குப் போக வேண்டும்.

ஆனியில் எங்கள் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். பழைய இரும்புக்காரர் தள்ளிக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில் பார்த்தால்... ஒரு ஜன்னல்! மறந்தே போயிருந்தோம். பிளக் பாயிண்ட் அந்த மூலையில் இருக்கிறது என்பதற்காக, பதினோரு வருஷத்துக்கு முன்பு ஜன்னலைச் சாத்திவிட்டு அங்கே ஃபிரிட்ஜை நிறுத்தியவன் நான்தான்.

என் மனைவி பார்வதி கணக்கு டீச்சர். கொக்கியை நீக்கி, துருப்பிடித்த கதவைத் தள்ளினாள். பின்பக்கத்து வாழைத் தோட்டம் தெரிந்தது. சாரல் காலம் — மலைப்பக்கத்துக் காற்று குப்பென்று உள்ளே வந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, பதினோரு வருசமா இந்த அடுப்படியில வேர்த்து ஊத்தியிருக்கேன். இனிமே இதை மூட விட மாட்டேன்."

"அப்போ ஃபிரிட்ஜ்?"

"ஒரு வருசம் இல்லாம இருந்து பாப்போமே."

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கும் அக்காவுக்குச் செய்தி போனது. சாயங்காலமே வந்து இறங்கிவிட்டாள்.

"ஏலே, கஞ்சப்பயலே! இந்தக் காலத்துல ஃபிரிட்ஜ் இல்லாம யாரு குடும்பம் நடத்துதா?" என்னை முடித்துவிட்டுப் பார்வதியிடம் திரும்பினாள். "சாரல்ல யாரும் சமாளிச்சிருவாவ. சித்திரை வரட்டும். ஒரு பண்டம் கெட்டாலும் மறுநாளே நான் ஃபிரிட்ஜ் வாங்கி அனுப்பிருவேன். அந்த மூலையிலதான் வைக்கணும். சம்மதமா?"

"சம்மதம் மதினி."

இப்படித்தான் ஒரு ஜன்னலைப் பணயம் வைத்தோம்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சிய பால் சாயங்காலம் வரை தாங்கியது. ஐப்பசி மழையில் மூன்று நாள் மார்க்கெட் போக முடியவில்லை. மூன்று நாளும் துவையல், சுட்ட அப்பளம். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் எங்கள் மகள் மீனா தட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது விரதமா, தண்டனையா?" என்றாள். மார்கழியில் தோசை மாவு புளிக்க மறுத்தது. பங்குனியில் அதே மாவு பாத்திரத்தை விட்டு வெளியே நடந்தது. மீனா குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மண்பானை வாங்கி வந்தாள், கேட்காமலே.

தையில் சிறுகிழங்கு வந்தது. சீசன் முடியும் வரை தின்றோம். முடிந்ததும் நிறுத்தினோம். இனி அடுத்த தைக்குத்தான். ஒரு கிழங்குக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பெரிய மாறுதல் வேறு. தினமும் காலையில் பார்வதி ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்: "ராத்திரிக்கு யாரு யாரு வீட்ல சாப்பிடுதீங்க?" முன்பெல்லாம் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. சமைத்து, மிஞ்சியதை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினால் போதும். இப்போது பதில் சொல்லியாக வேண்டும். சொன்னால் வந்தாக வேண்டும். ஆளுக்கொரு நேரம் சாப்பிட்ட மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார ஆரம்பித்தோம். உட்கார்ந்தால் பேச்சு வராமலா இருக்கும்?

யோசித்துப் பாருங்கள்... ஃபிரிட்ஜுக்குள் நாம் உண்மையில் எதை வைக்கிறோம்? இன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவை. அது இரண்டு வாரம் கழித்துப் பூஞ்சை பிடித்து வெளியே வருகிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். எல்லாம் அளவு. காய்கறி பதினான்கு பேருக்கு எவ்வளவோ அவ்வளவே, அன்று காலை வாங்கியது. தேங்காய் மட்டும் ஒரு சாக்கு நிறைய. உடைக்காத தேங்காய் கெடாது. உடைப்பதும் பிழிவதும் அடுப்பு பற்றவைக்கும்போதுதான்.

உதவிக்கு என்று சொல்லி ஒன்பது மணிக்கே அக்கா ஆஜர். ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து மோந்து பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள், லேசான வருத்தத்தோடு.

பதினொன்றரைக்குச் சொதி தயார். கடைசியாக ஊற்றும் கெட்டிப் பாலும் ஊற்றியாகிவிட்டது. இனி அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எலுமிச்சைச் சாறு விட வேண்டும். பார்வதி சேலை மாற்றக் கிளம்பினாள். "அடுப்பை அணைச்சிட்டு, சாறைப் பிழிஞ்சு வைங்க. நான் வந்து விடுதேன்."

பிழிந்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஒத்தாசை செய்கிற உற்சாகத்தில் ஊற்றியும் விட்டேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஓரத்தில் நுரை. நடுவில் பொடிப் பொடியாக வெள்ளை. ஒரு நிமிஷத்தில் திப்பி தனி, தண்ணீர் தனி.

எட்டிப் பார்த்த அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "ஏலே... என்னலே செஞ்சு தொலைச்ச?"

அதே நேரம் போனும் கையுமாக மீனா ஓடி வந்தாள். "அத்தை, மாப்பிள்ளை வீட்டு வேன் பேட்டை தாண்டியாச்சாம்!"

பேட்டையிலிருந்து எங்கள் வீடு அரை மணி நேரம்.

பந்தயப்படி அக்கா ஜெயித்துவிட்டாள். முகத்தில் ஜெயித்த களை இல்லை. வருகிறவர்கள் அவளுடைய சம்பந்திகள் ஆயிற்றே.

பார்வதி வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"காய் குழையல. வடிச்சு, வெந்நீர்ல அலசிருவோம். மீனா, பருப்பைக் குக்கர்ல போடு. ஏங்க, தேங்கா உடைங்க. எலுமிச்சம்பழத்தைத் தொடாதீங்க."

"பாலுக்கு என்ன செய்ய? நேத்தே கூடக் கொஞ்சம் பிழிஞ்சு வைக்கலையா நீ?" — அக்கா.

"வைக்க எங்க இடம் இருக்கு மதினி? அதான் பாதிச் சாக்கு உடைக்காமலே கெடக்கே."

அக்கா சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகினாள். துருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே? ஃபிரிட்ஜ் நிற்க வேண்டிய அந்த மூலையில். அடுப்படியில் வேறு இடம் இல்லை.

நான் உடைத்தேன். அக்காவும் பார்வதியும் துருவினார்கள். மீனா மிக்ஸியில் அரைத்தாள். நடுவில் அக்காவின் கை நின்றது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"ஏ பார்வதி... இங்கன காத்து நல்லா வருதே!"

"பையத் துருவுங்க மதினி, கையில பட்டுரும்," என்றாள் பார்வதி, தலை நிமிராமல்.

வேன் வந்தது. வாசலில் நின்று, ஆளுக்கொரு நன்னாரி சர்பத் கொடுத்து, வாழை விளைச்சலைப் பற்றி விசாரித்து, நான் இருபது நிமிஷம் சம்பாதித்தேன். என் பங்குக்கு உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இலை போட்டோம். மாப்பிள்ளை மூன்று தடவை சொதி வாங்கினார். அவருடைய அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பால் இப்படி மணக்கே! இப்பத்தான் பிழிஞ்சியளோ?"

அக்கா கூசாமல் சொன்னாள்: "எங்க குடும்பத்துல எப்பவுமே அப்பப்பப் பிழியுததுதான். முந்தின நாள் பாலெல்லாம் நாங்க தொடுததில்ல."

பார்வதி அப்பளம் எடுக்கிற சாக்கில் உள்ளே ஓடினாள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது.

பாத்திரம் வழித்துத் துடைத்தாயிற்று. எடுத்து வைக்க ஒரு கரண்டி மிச்சமில்லை. விருந்தாளிகள் போனதும் மீனா மெதுவாக ஆரம்பித்தாள். "அத்தை, ஒரு பண்டம் கெட்டுப்போச்சே... நாளைக்கு ஃபிரிட்ஜ் வந்திருமா?"

"ஏட்டி, சும்மா கெட! வெயில்லயா கெட்டுச்சு? உங்கப்பனாலல்லா கெட்டுச்சு! அவனை உள்ள வச்சுப் பூட்டுத அளவுக்கு ஒண்ணு வந்தாச் சொல்லு, வாங்குதேன்."

தீர்ப்பு சொல்லிவிட்டு, அந்த மூலையிலேயே தலைக்குக் கையை வைத்து ஒரு மணி நேரம் தூங்கினாள். பார்வதி ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு, பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்தாள். ஜன்னல் அகலத் திறந்திருந்தது.

நாளைக் காலை நான் வண்ணார்பேட்டை போகிறேன். அக்கா வீட்டு ஃபிரிட்ஜை நகர்த்த ஆள் வேண்டுமாம் — அதற்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்ததாக அவளுக்கு ஞாபகம்.