தப்பால் பையில் போன படக்கதைகள்

புத்தகம் சேர்க்கிறவர்கள் எல்லாரும் புத்தகத்தின் மேல் ஆசை உள்ளவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இலங்கைத் தேயிலை மலையில், பொகவந்தலாவைக் கடைவீதியில் படக்கதைப் புத்தகம் விற்றவன் நான். சேர்க்கிறவர்களை நம்பித்தான் என் அடுப்பு எரிந்தது. அவர்களுடைய லட்சணத்தை என்னிடம் கேளுங்கள், நான் சொல்கிறேன்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கருவாடும் செத்தல் மிளகாயும் விற்கிற ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை முகப்பில் எனக்கு ஒரு பலகை, பலகைக்கு மேலே ஒரு கயிறு, கயிற்றில் புத்தகங்கள். அவரை ஊரே நானா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அறுபதுகளின் தொடக்கம் அது. புத்தகம் சென்னையில் அச்சாகும், கடல் தாண்டிக் கொழும்புக்கு வரும், அங்கே ஏஜென்ட் பிரித்துக் கட்டி ரயிலில் ஹட்டனுக்கு அனுப்புவார், அங்கிருந்து பஸ் கூரையில் ஏறி வளைவெல்லாம் குலுங்கி என்னிடம் வந்து சேரும். மழை மாதங்களில் கட்டைப் பிரித்தால் ஈரச் சாக்கு நாறும். இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் வந்து நின்று, "அட்டை மூலையில மடிஞ்சிருக்கே?" என்று முகத்தைச் சுளிப்பார். மடியாமல் என்ன செய்யும்? ஹட்டனிலிருந்து நான் மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டா வந்தேன்?

வாங்கிச் சேர்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர்கள். அவர்களில் பெரிய புள்ளி, பள்ளத்தாக்கின் கடைக்கோடித் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். வருகிற படக்கதை எல்லாவற்றிலும் அவருக்கு ஒன்று போக வேண்டும். அவர் சொல்லித்தான் அந்தத் தோட்டத்து மற்ற உத்தியோகத்தர்களும் என்னிடம் வாங்கினார்கள். அவர் குவாட்டர்ஸில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு அடுக்கியிருப்பார். ஆனால் படிக்க மாட்டார்.

"முழுக் கதையும் வந்து முடியட்டும். பைண்ட் பண்ணி வச்சு, ஆற அமரப் படிக்கணும். அதுவரைக்கும் ஒரு தாளைப் புரட்ட மாட்டேன். யாரும் எங்கிட்ட கதையைச் சொல்லவும் கூடாது" என்பார். இதைப் பெரிய தவம் மாதிரிச் சொல்லிக்கொள்வார்.

அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவும் என்னிடம் வாங்கிக்கொண்டிருந்தார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்தவர். தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வரிசையில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள்தான் புத்தகங்கள். மலையிலே புத்தகத்துக்கு எதிரி பூஞ்சணம், அதை அண்டவிடாமல் வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அவரும் அட்டை கசங்கக் கூடாது என்பார், பேர் எழுதக் கூடாது என்பார், பாகம் விடக் கூடாது என்பார். ஆனால் வாங்கிய அன்றைக்கே படித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் உட்கார்ந்து, மற்றப் பெண்களுக்கும் படத்தைக் காட்டிக் காட்டிப் படித்துச் சொல்வார். இவரைச் சேகரிப்பாளர் என்று யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். கண்ணாடி அலமாரி இல்லையே!

அந்த நாளில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு தீவு, அதில் ஒரு கலங்கரை விளக்கம். யாரோ ஒருவன் தப்பான இடத்தில் விளக்கேற்றிக் காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதவிட்டுச் சரக்கைக் கொள்ளையடிக்கிறான். யார் அந்தக் கள்ளன்? பாகத்துக்குப் பாகம் இதே கேள்விதான். மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்துக்குப் பிறகுதான் அக்கா கடைவீதிக்கு இறங்குவார். புத்தகமோ அதற்குள் இரண்டு வந்துவிடும். "அம்புட்டு நாள் பொறுக்க முடியல தம்பி, தப்பால்ல போட்டு விடுங்களேன்" என்றார். தபாலைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் தாள் சுற்றி, லயத்து நம்பரும் பேரும் எழுதி அனுப்பத் தொடங்கினேன்.

அங்கேதான் கெட்டது. தோட்டத்துக்குப் போகிற கடிதம் லயத்துக்கு நேராகப் போகாது. தப்பால்காரர் போஸ்ட் ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு மலையேறி, தோட்டத்து ஆபீஸ் மேசையில் வைப்பார். பையைத் திறப்பது பெரிய கிளாக்கர். யாருக்கு எது, எப்போது என்பதெல்லாம் அவர் இஷ்டம். பெற்ற மகன் எழுதிய கடிதமானாலும் அவர் கை பட்டுத்தான் தாய்க்குப் போகும். இது எந்த ஊர் நியாயம் என்று ஒருவரும் கேட்டதில்லை, பழகிப்போயிருந்தது. எனக்கும் பழகிப்போயிருந்ததால்தான் யோசிக்காமல் தபாலில் போட்டேன்.

அடுத்த சம்பளத்துக்குப் பிறகு அக்கா வந்து பலகை முன்னால் நின்றார். முகம் நன்றாக இல்லை.

"ரெண்டு பொஸ்தகமும் வரல தம்பி. போன தடவையும் ரெண்டு வரல. நீங்க மறந்திருப்பீங்கன்னு நான் வாயத் தொறக்கல. அனுப்பலைன்னா அனுப்பலைன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

எனக்குச் சுரீரென்றது. நாலு பாகத்தையும் என் கையால் சுற்றி, என் கையால் பேர் எழுதிப் போட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் தலையாட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை. செய்யாத குற்றத்துக்காகத் தலைகுனிந்து நிற்பது போல வேறு அவமானம் இல்லை.

சரி, வேறு பிரதி கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. விற்காமல் மிஞ்சுகிற புத்தகங்களின் அட்டையில் பேர் இருக்கிற மேல்பட்டையை வெட்டி ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டும், அப்போதுதான் திருப்பி எடுத்ததாகக் கழிப்பார்கள். 'தலை வெட்டுவது' என்று இதற்குப் பேர். தலை போன மிச்சம் நானாவின் தராசுப் பக்கம் போய்ச் சுருளாகி மிளகாய் சுமக்கும். எப்படியோ தேடி, அந்தப் பாகங்களில் ஒன்றைத் தலையில்லாமல் எடுத்து நீட்டினேன். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தலையில்லாதத நான் எப்படி தம்பி செட்டுல சேக்கிறது? வேணாம். நடுவுல நாலு பாகத்தையும் நானே ஒரு மாதிரியா கட்டிச் சொல்லிட்டேன். லயத்துல யாருக்கும் சந்தேகம் வரல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போஸ்ட் ஆபீசில் போய்க் கேட்டேன். பையைக் கட்டிக் கொடுக்கிறவரைக்கும்தான் எங்கள் வேலை, அதற்கப்புறம் தோட்டத்தைக் கேள் என்றார்கள். அந்த வாரமே கிளாக்கருக்கு அவருடைய புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற முறை வந்தது. அவர் அலமாரியைத் திறந்தார். அடுக்குக்குப் பக்கத்தில் தனியாக நாலு புத்தகம், நான் சுற்றிய தாள் கூடக் கழற்றாமல். தாள்மேல் என் கையெழுத்து, அக்காவின் லயத்து நம்பர்.

"ஐயா, இது அந்தக் கொழுந்தெடுக்கிற அக்காவோடதுங்களே?"

அவர் கொஞ்சமாவது தடுமாறுவார் என்று நினைத்தேன். எங்கே!

"லயத்துக்காரிக்கு எதுக்குய்யா இதெல்லாம்? அடுப்பெரிக்கவா? எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும். திம்புள்ளைத் தோட்டத்து பேக்டரியில ஒரு டீமேக்கர் பழைய பொஸ்தகம் வச்சிருக்கார். அவருக்கு இதக் குடுத்துட்டு அத வாங்கப் போறேன்."

கேட்டீர்களா! கள்ளத்தனமாக எடுத்ததுமில்லாமல் அது பத்திரமாம். அவருக்கு வேண்டிய பாகம் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருத்தி ஆசையாகக் காத்திருக்கிற கதை இவருக்குப் பண்டமாற்றுச் சரக்கு. "அவங்க காசு குடுத்து வாங்கினதுங்க ஐயா" என்றேன். "வியாபாரத்தப் பாரு" என்று அலமாரியைப் பூட்டினார். வயிறெரிய மலையிறங்கினேன். அன்றோடு அக்காவுக்குத் தபாலில் போடுவதை நிறுத்தி, வருகிற பாகங்களைக் கடையிலேயே எடுத்து வைத்தேன். அக்கா வந்தபோது, அலமாரியில் பார்த்ததையும் சொல்லிவிட்டேன்.

கதையின் கடைசிப் பாகம் வருகிற நேரம் பார்த்து இறக்குமதியைக் குறைத்துவிட்டார்கள். வெளிநாட்டுச் சாமானுக்குக் காசை விடக் கூடாது என்று அரசாங்கம் இறுக்கிக்கொண்டிருந்த காலம். கொழும்பு ஏஜென்ட் அனுப்பிய கட்டு ஒரு கைப்பிடிதான் இருந்தது. அதில் இந்தக் கதையின் கடைசிப் பாகம் ஒன்றே ஒன்று. நான் அங்கேயே நின்று படித்து முடித்தேன். கள்ளன் யாரென்று தெரிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நானா என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, அத கிளாக்கருக்குக் குடுத்துருங்க. அந்த மனிசனோட மல்லுக்கட்டினா அந்தத் தோட்டமே உங்களுக்கு இல்லாமப் போகும். நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு புத்தகமும் கண்ணாடிக்குப் பின்னால் என் கையெழுத்தோடு இருந்த இருப்பு மனதை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை கடைசிப் பாகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்குத் தோட்டத்தில், சம்பளத்தில் கழித்துக்கொண்டு அரிசி போடுகிற நாள். ஆபீசுக்குப் பக்கத்தில் வரிசை நீண்டு நின்றது. முன்னால் மேசை போட்டுப் பெரிய கிளாக்கர் உட்கார்ந்து பேர் கூப்பிட, பக்கத்தில் அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். அக்கா வரிசையில் பாதி தூரத்தில் நின்றார். புத்தகத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். நின்ற இடத்திலேயே கடைசித் தாளைத் திறந்து பார்த்தார், ஒரு தரம் மூச்சு விட்டார், மூடிக்கொண்டார். பக்கத்துப் பெண்கள், "யாருக்கா? யாரு கள்ளன்?" என்று நச்சரித்தார்கள். "பொறுங்கடி" என்றார்.

அக்கா மேசைக்கு முன்னால் வந்ததும் கிளாக்கர் கண்ணில் புத்தகம் பட்டுவிட்டது.

"என்னது, கடைசிப் பாகமா? எனக்கு எங்க?" என்று என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுதாங்க ஐயா வந்துச்சு. அது அவங்களுக்கு" என்றேன்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "அரிசி வேணும்னா அத மேசையில வை."

வாங்குகிற அரிசி அக்காவின் உழைப்பு. அதைப் போட்டு மிரட்டிப் புத்தகம் பிடுங்குகிறான் படித்த மனுஷன்!

அக்கா பதறவில்லை. "வைக்கிறேங்க ஐயா. கள்ளன் யாருன்னு இவளுக கேக்கிறாளுக, சொல்லிட்டு வச்சிர்றேன்" என்றார்.

"ஏய், சொல்லாத! நான் இன்னும் படிக்கல!" கிளாக்கர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்னோட நாலு பொஸ்தகம் ஐயாகிட்டதான இருக்கு? அதக்கூடவா படிக்கல?"

வரிசையின் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிளாக்கர் உண்மையாகவே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன? கொழுந்து மலையில் ஒரு செடி நிரைக்கும் மறு நிரைக்கும் கேட்கப் பேசிப் பழகிய குரல் அது.

"கேட்டுக்கங்கடி! வெளக்கேத்தின கள்ளன் வேற யாருமில்ல, கிளாக்கருதான்! சரக்கு வருது போகுதுன்னு எழுதுற கிளாக்கரேதான் கள்ளன்!"

ஐயோ, அந்தச் சிரிப்பு! அரிசி அளந்தவர் மரக்காலைக் கீழே போட்டுவிட்டார். கிளாக்கர் முகம் செத்துப்போயிற்று. "அளந்து விடு, போகட்டும்" என்று மட்டும் சொன்னார், புத்தகத்தைக் கேட்கவில்லை. கதை தெரிந்துபோன புத்தகம் அவருக்கு எதற்கு? அக்கா ஒரு கையில் அரிசியும் மறு கையில் கடைசிப் பாகமுமாக லயத்துக்கு இறங்கிப் போனார்.

நானா சொன்னபடியே நடந்தது. அந்தத் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரும் அதற்குப் பிறகு என்னிடம் வாங்கவில்லை. கயிற்றில் புத்தகம் தொங்கிக்கொண்டே கிடந்தது. நான் தலை வெட்டி வெட்டி அனுப்பினேன். நானா ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. "மிளகாய் கட்டத் தாள் நெறைய வருது, நமக்கு லாபம்தான்" என்று கேலி செய்வார், அவ்வளவுதான்.

வெகுநாள் கழித்துப் பெரிய கிளாக்கர் கடைக்கே வந்தார். கருவாடு பார்ப்பது போல நின்றார். பிறகு பலகைப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த விளக்குக் கதை... கள்ளன் நெசமாவே கிளாக்கர்தானா?" என்று கேட்டார்.

"அந்தக்காவோட நாலு பொஸ்தகம் எங்கங்க ஐயா?" என்றேன்.

"அது திம்புள்ளைக்குப் போயிருச்சு" என்றார், ஏதோ மழை பெய்துவிட்டது என்பது மாதிரி. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவருக்குக் கள்ளன் யாரென்பதுதான் கவலை.

"ஆமாங்க ஐயா, கிளாக்கருதான்" என்றேன்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். உண்மையில் கப்பல் தலைவனின் தம்பிதான் கள்ளன். கடைசிப் பாகத்தில் தெளிவாகப் படம் போட்டிருக்கிறது. முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரைக்கும் அந்தக் கதையில் கிளாக்கர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. பூட்டி வைத்ததில் ஒன்றையாவது திறந்து படித்திருந்தால் அந்த மனுஷனுக்கே அது தெரிந்திருக்கும்.