பல் முளைத்த நங்கூரச் சங்கிலி

கிதியோனி பிறந்தது 1968, எங்கள் நவுனிதோகா கிராமத்தில். தாய், என் தந்தையின் தங்கை. தந்தை, வேறொரு தீவிலிருந்து கைக்குழந்தையாகக் கொண்டுவரப்பட்டுச் சுறாக் குலத்தார் வீட்டில் வளர்ந்தவர். மனைவி லூசியானா, மக்கள் நால்வர். தொழில், ஸ்கூபா பயணிகளின் கண்முன் சுறாக்களுக்கு இரை ஊட்டுவது. இடக்கையில் இரு விரல்களுக்கு நுனி இல்லை. காரணம், நங்கூரச் சங்கிலி.

இவற்றுள் கடைசிச் செய்தி மட்டும் பொய். அதைச் சொன்னவர் என் அண்ணன் நெத்தானி.

சுறாக் குலத்தானைச் சுறா தீண்டாது; தீண்டினால் அவன் அந்தக் குலத்தான் அல்லன். எங்கள் ஊரில் இதை யாரும் விவாதிப்பதில்லை. வளர்ப்புப் பிள்ளையின் மகனான கிதியோனிக்கு வீடும் கிழங்குத் தோட்டமும் குலத்தின் நிலத்தில் இருந்தன. அவருடைய மக்களுக்கும் அவ்விடமே கதி.

விரல் நுனிகள் போன அன்று பவளத்திட்டின் அடியில், சூரைமீன் தலையோடு நீட்டிய அவருடைய கையைக் காளைச்சுறா ஒன்று கவ்வியது. கையில் மாட்டியிருந்த இரும்பு வலையுறை அதன் பல்லில் சிக்க, சுறா அவரை இழுத்துக்கொண்டு திரும்பியது. காவலுக்கு நின்ற அண்ணன் கம்பால் தள்ளி மீட்டார். தாழ்ந்த கற்சுவருக்குப் பின்னே கிடந்த பயணிகளுக்குக் கலங்கிய மணல் மட்டுமே தெரிந்தது.

படகில் துணியால் கையைச் சுற்றியபடி அண்ணன் காதோரம் சொன்னார்:

“வாயத் தொறக்காத மச்சான். சங்கிலி நசுக்கிடுச்சு, அவ்ளோதான்.”

“கடிச்சிருச்சுடா...”

“சங்கிலின்னு சொன்னேன்ல? உன் புள்ளைங்க எங்க போய் நிப்பாங்க?”

அடைக்கலமாகச் சொன்ன அந்தச் சொல்லே பின்னர் கூண்டாயிற்று. காயம் ஆறியதும் கிதியோனி குலத்தலைவர் மனோவாவிடம் படகோட்டும் வேலை கேட்டார்.

“ஏம்ப்பா? ஒன்ன நசுக்குனது சங்கிலி. அந்தச் சங்கிலி படகுலதான கெடக்கு? கீழதான் ஒனக்குப் பத்திரம். சுறா ஒன்னும் பண்ணலையே!”

மறுப்பதற்கு அவரிடம் உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆகவே இறங்கினார். முதுகுக்குப் பின்னே பாறை. முன்னே வட்டமிடும் சாம்பல் உடல்கள். பதறி மேலெழவும் கூடாது. பயணிகள் அவருடைய அசையாத தோள்களைக் கண்டு வியந்தார்கள். அண்ணன் கண்டது அவசர மூச்சின் குமிழ்களை. முன்பெல்லாம் பாதிக் காற்று மிச்சத்தோடு ஏறியவர், இப்போது குடுவையை வற்றச் செய்துவிட்டு ஏறினார்.

கிதியோனியின் மூத்த மகளின் திருமணத்தன்று மாலை, கவா என்னும் வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி ஊரே அமர்ந்திருந்தது. மச்சான்மார் ஒருவரையொருவர் எப்படியும் கேலி செய்யலாம். அதற்குக் கோபித்துக்கொள்வதுதான் குற்றம். அண்ணன் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினார்:

“எங்க மச்சான் வெரல நசுக்குனது சாதா சங்கிலி இல்லீங்க. பல்லு மொளச்ச சங்கிலி! வாலு வேற இருந்துச்சு!”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. கேலியால் கூண்டின் கதவைத் திறந்துவிட்டதாகவே அண்ணன் நினைத்தார். கிதியோனி எழுந்து நின்றார், முகத்தில் சிரிப்பில்லை.

“ஆமா. என்னச் சுறாதான் கடிச்சது. எனக்குக் கீழ போகப் பயமா இருக்கு.”

மனோவா பாயில் புரண்டு சிரித்தார்.

“அட, மச்சானுக்கு ஏத்த மச்சான்! மூஞ்சியப் பாருங்கடா, நெஜமாவே பயந்த மாதிரி!”

கண்ணில் நீர் வரச் சிரித்தவர்கள் அடுத்த சிரட்டையைக் கிதியோனியின் கையில் திணித்தார்கள். அண்ணன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. “நெசந்தான் பெரியவரே” என்று அவர் சொன்னதும் கேலியின் தொடர்ச்சியாகவே போயிற்று.

மறுநாள் காலை கிதியோனி இரும்புறையை மாட்டிக்கொண்டு படகேறினார்.

இரை ஊட்டியது பத்தொன்பது ஆண்டுகள். அவற்றுள் சங்கிலிக்குப் பின், பதிமூன்று.