மாமா காய்ச்சிய ஸ்பிரிங்

விழுப்புரத்தில் எங்களோடு இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கிருந்தோ ஒரு பழைய கிராமபோன் பெட்டியை வாங்கி வந்தார். சித்தியின் நிச்சயதார்த்தத்தன்று அதைப் பாட வைக்கப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்தார். திண்டிவனத்து மாப்பிள்ளைக்கு ஒரு தங்கை உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்களில் வழக்கம். அவளுக்குப் பாட்டென்றால் உயிர் என்பது மாமாவின் காதுக்கு எட்டியிருந்தது.

அன்று காலை ஆசை மிகுதியில் அவர் சாவி முறுக்கிய வேகத்தில் உள்ளே ஸ்பிரிங் அறுந்தது. முனையில் புது ஓட்டை போட்டு மாட்டினால் போதும். ஆனால் அந்த எஃகில் ஆணி இறங்கவில்லை. சுருளை முழுசாக அடுப்பில் போட்டுவிட்டார்.

"சாம்பார் கொதிக்கிற அடுப்புலயா போட்டுக்கினு இருக்க?" என்று அம்மா கத்தினாள்.

"ஜல்தியா எடுத்துடுறேன்க்கா, பேஜார் பண்ணாத."

சிவக்கக் காய்ந்து சாம்பலில் ஆறியதில் ஓட்டை சுலபமாக விழுந்தது. மாட்டிப் பார்த்தபோது பாடகியின் குரல் இரண்டாம் அடியில் ஆண்குரலாகி, மூன்றாம் அடியில் எருமையாகிப் படுத்துக்கொண்டது.

"வெறைப்பு போய்டுச்சி" என்று மாமா மறுபடி காய்ச்சினார். கொல்லர் அரிவாளை முக்குவது நினைவு வந்து, இம்முறை வாளித் தண்ணீரில் முக்கினார். அவர் அதை மாட்டி முடிப்பதற்கும் திண்டிவனத்தார் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

எல்லோரும் உட்கார்ந்ததும் சாவி கொடுத்தார். பாட்டு முதல் அடியைக்கூட முடிக்கவில்லை. பெட்டிக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். தாம்பூலத் தட்டோடு இருந்த பெரியவர் துள்ளி எழுந்தார். யாரோ "அபசகுனம்" என்று முணுமுணுக்க, சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. அப்போது பெண்களுக்கு நடுவிலிருந்து மாப்பிள்ளையின் தங்கை, பெட்டி விட்ட இடத்தில் எடுத்து, அந்தப் பாட்டைப் பாடி முடித்தாள். சபையே சிரித்தது. தட்டு மாற்றினார்கள்.

எஃகைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் இளகிவிடும், சட்டெனக் குளிரவைத்தால் கண்ணாடிபோல் நொறுங்கும், அதன் பிறகு மட்டான சூடு காட்டினால்தான் வளைந்து நிமிரும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்று, பெட்டி போயிற்றே என்று தேம்பித் தேம்பி அழுதேன். துண்டுகளைப் பொறுக்கிய மாமாவோ இளித்துக்கொண்டிருந்தார்.

"அழுவாத கண்ணு. இன்னும் கொஞ்ச நாள்ல நம்ம வூட்லயே பாட்டு கேட்டுக்கினே இருக்கலாம்."

பெரிய பெட்டியாக வாங்கப்போகிறார் என்று நம்பி, அதை வைக்கக் கூடத்தில் ஒரு மூலையை நான் காலி செய்துவைத்தேன்.