பூட்டிய சூடு

கனடாவின் ஸ்காபரோவில், எங்கள் வீட்டின் பேஸ்மென்டில் சிவாவின் குடும்பம் வாடகைக்கு இருந்தது. முழு வீட்டையும் சூடாக்கும் ஹீற்றரின் சுவிட்ச் மேலே, எங்கள் பகுதியில். காஸ் பில்லுக்குப் பயந்து, வேலைக்குப் போகும்போது சூட்டைக் குறைத்து, சுவிட்ச் பெட்டியைப் பூட்டிவிடுவேன்.

ஒரு பனிக்கால மாலை நான் திரும்பியபோது, சிவா சுத்தியலால் அந்தப் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் மூன்று முறை குத்தினேன். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. அவன் திருப்பி அடிக்கவில்லை.

"அடிச்சு முடிஞ்சுதோ அண்ணை? இனிக் கீழ வந்து என்ர பிள்ளையப் பாருங்கோ."

கீழே, கைக்குழந்தை தாயின் ஜாக்கெட்டுக்குள் அசையாமல் கிடந்தது. குளிரில் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நான்தான் ஆம்புலன்ஸை அழைத்தேன். குழந்தை பிழைத்தது.

வந்தவர்கள் சிவாவின் மூக்கைப் பற்றியும் கேட்டார்கள்.

"படியில விழுந்திட்டன்."

நான் வெளியேற்றினால் அந்தப் பனியில் வேறு வீடு கிடைக்காது என்பதால் அவன் சொன்ன பொய் அது. பக்கத்தில் நின்ற நான் மறுக்கவில்லை.