காயாத ஸ்வெட்டர்

ஒரகடம் ஹாஸ்டலில் எட்டுப் பேர் அடைந்துகிடந்த எங்கள் அறையில் கோத்தகிரிக்காரி ஒருத்தி இருந்தாள். ஒல்லி உடம்பு, வெடித்த உதடு. கம்பெனி பஸ்ஸின் ஏசிக்கு அம்மா கையால் பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டரைத்தான் தினமும் போட்டுக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்களை வெளியே விடுவார்கள். ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். நாங்கள் ஸ்ரீபெரும்புதூருக்குப் பறப்போம். அவள் மட்டும் ஸ்வெட்டர் துவைக்கணும் என்று தங்கிவிடுவாள்.

"இன்னாடி, துணிக்குக் காவலா? கொடில போட்டுட்டு வா."

"தொங்கவிட்டா ஈர கனத்துல நீண்டு போயிடும்க்கா. ஷாம்பூ தண்ணில மெதுவா அமுக்கி எடுக்கணும், முறுக்கக் கூடாது. துண்டுல சுருட்டி ஈரத்த எடுத்துட்டு, கட்டில்ல விரிச்சுதான் காய வைக்கணும். நீங்க போங்க."

எனக்கு எரிச்சலாக வரும். ஒரு ஸ்வெட்டருக்கு இத்தனை சேவையா?

ஒரு ஞாயிறு பர்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். கட்டிலில் துண்டின் மேல் ஸ்வெட்டர் கைகளை விரித்துக் கிடந்தது. கீழே தரையில் அவளும் அதேபோல் கைகால்களை அகல நீட்டி மல்லாந்து படுத்திருந்தாள். பர்ஸை எடுக்கும்போது ஸ்வெட்டரில் என் கை பட்டது. பொட்டு ஈரம் இல்லை. மூலையில் அவளுடைய வாளியும் காய்ந்து கிடந்தது.

அவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னும் காயலக்கா."

அந்த அறையில் ஒரு நிமிஷம்கூட நான் தனியாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"காயட்டும்டி," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரோடும் கேட்டில் நின்றபோது, எனக்கும் ஒரு ஸ்வெட்டர் இல்லையே என்றிருந்தது.