லைட்டு ஒயரில் இரண்டு அடுப்பு

ஆம்பூருக்கு மின்சாரம் வந்த புதிதில், தோல் வியாபாரி கலீமுல்லா மதராஸிலிருந்து ஒரு மின்சார அடுப்பும், ரொட்டி சுடத் தனியாக ஒரு மின்சாரப் பெட்டியும் வாங்கி வந்தார். அவற்றை இணைக்க ஒயர்மேன் நந்தகோபாலைக் கூப்பிட்டார்.

"ரெண்டுக்கும் இந்த லைட்டு ஒயர் தாங்காது பாய். தடி ஒயரு தனியா இழுக்கணும்."

"நாளைக்குப் பெருநாள்பா. இப்போதைக்கு இதுலயே குடு."

இரண்டையும் போட்டுப் பார்த்ததும் பியூஸ் போனது. நந்தகோபால் மனமில்லாமல், மறுபடி அறுந்து போகாதபடி அதில் தடித்த கம்பியை வைத்தார். "ஒண்ணு எரியறப்போ இன்னொண்ணப் போடக் கூடாது" என்று கலீமுல்லாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சமைக்கப்போகும் கலீமுல்லாவின் மனைவி அஜீஸுன்னிசா, வெளி ஆள் வந்திருந்ததால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவரிடம் சொல்லக் கலீமுல்லா மறந்துவிட்டார்.

மறுநாள் காலை அஜீஸுன்னிசா இரண்டையும் ஒன்றாகப் போட்டார். சுவரில் ஒயர் தீப்பிடித்தது. அடுப்பை இழுக்கப் போன அஜீஸுன்னிசாவின் வலக்கை வெந்தது. புண் ஆறியும் விரல்கள் மடங்கவில்லை.

நந்தகோபால் பார்க்கப் போனபோது திரைக்குள்ளிருந்து அஜீஸுன்னிசாவின் குரல் வந்தது.

"கொஞ்சம் சத்தமா சொல்லியிருந்தா எனக்கும் கேட்டிருக்குமேண்ணா."

நந்தகோபால் அதன் பிறகும் பல வருஷம் தொழில் செய்தார். யாராவது அடுப்புக்கு ஒயர் இழுக்கக் கூப்பிட்டால் மட்டும், "வேற ஆளப் பாருங்க" என்றுவிடுவார்.